கையில் திணித்த இரும்பு

எனக்கு வலிப்பு நோய் என்று எழுதிக் கொடுத்தது எந்த டாக்டரும் இல்லை. எங்கள் தொழிற்சங்கக் கிளையின் செயலாளர். கப்பலில் நான் விழுந்தபோது அவர் அங்கே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘பல வருஷமாக வலிப்பை மறைத்து வேலை செய்தவர், இனிமேல் கப்பல் மேல் விடக் கூடாது’ என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அதன் நகலைச் சங்க அறைப் பலகையிலும் ஒட்டினார். அவர் எழுதியது பொய்.

இதை எங்கள் சங்க ஏட்டில் போடச் சொல்லிக் கொடுத்தேன். போடவில்லை. அதனால் பத்திரிகைக்கு எழுதுகிறேன். திட்டத்தான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்த பிறகு பார்த்தால், திட்ட வேண்டியவர் ஒருவர்தான் இருக்கிறார், நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அவர்களைச் சொல்லாமல் விட்டால் நானும் அவரைப் போலத்தான் ஆவேன்.

நான் கிள்ளான் பக்கம் பண்டமாரானில் குடியிருக்கிறேன். துறைமுகத்தில் பதினான்கு வருஷமாகக் கை காட்டும் வேலை. சிக்னல்மேன் என்பார்கள். மூட்டைகளைத் தூக்கி இறக்கும் விஞ்ச் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கப்பலின் உள்ளறை தெரியாது. அங்கே கீழே எட்டுப் பேர் நிற்பார்கள். மேலே தளத்தில், அந்தப் பெரிய திறப்பின் விளிம்பில் நான் நிற்பேன். நான் கீழே பார்த்துக் கை காட்டுவேன். அவர் என் கையைப் பார்த்து இயந்திரத்தை ஓட்டுவார். விரலை மேலே சுற்றினால் தூக்கு. உள்ளங்கையை விரித்துக் கீழே அமுக்கினால் இறக்கு. கையை மூடினால் நில். அந்த இரைச்சலில் வாய்ப் பேச்சுக்கு வேலை இல்லை.

எட்டுப் பேர் உயிர் உன் ஐந்து விரலில் இருக்கிறது என்று நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபோர்மேன் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை எந்த வருஷத்தில் கவலையாக மாறியது என்று தெரியவில்லை. கண்டெய்னர் பெட்டிகள் வர வர மூட்டைக் கப்பல்கள் குறைந்தன. கேங் என்னும் எங்கள் வேலைக் குழுக்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஒரு தப்புச் செய்தால் முதலில் போவது நான்தான் என்று மனதில் விழுந்துவிட்டது. ஒவ்வொரு தூக்குக்கும் முன்னால் கீழே இருக்கும் தலைகளை எண்ண ஆரம்பித்தேன். எட்டு. சரியா என்று இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும். கீழே இருப்பவர்கள், என்ன இன்னிக்கு மாப்பிள்ளை பார்க்கிறாரா என்று கிண்டல் பண்ணினார்கள்.

வீட்டிலும் அதேதான். கேஸ் அடுப்பை மூடினோமா, கதவைப் பூட்டினோமா. மோட்டார் சைக்கிளில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பேன். என் மனைவி சரோஜா வாசலில் நின்று, “கதவு என்ன, நீங்க போனதும் ஓடியா போயிடும்?” என்பாள். மகள் வரும் பள்ளி பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. கவலைப்படாத ஆம்பிள்ளை பொறுப்பில்லாதவன் என்று நினைத்து வளர்ந்தவன் நான். நோய் என்று எப்படித் தோன்றும்?

அன்றைக்குக் கப்பலின் உள்ளறைக்குள் அரிசி மூட்டை இறக்கினோம். காலை வேலை தொடங்கி ஒரு மணி நேரம் இருக்கும். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல இருந்தது. பிறகு விரல் நுனிகளில். நெஞ்சின் மேல் நனைந்த சாக்கை வைத்தது போல ஒரு பாரம். சாகப் போகிறேன் என்று நினைத்தேன். மூட்டைக்கட்டு திறப்புக்கு நேர் மேலே வந்துவிட்டது, இறக்கு என்று காட்ட வேண்டும். உள்ளங்கை விரியவில்லை. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்து கோழி அலகு போலக் குவிந்து நின்றன. இரண்டு கையும் அப்படித்தான். என் கை என் பேச்சைக் கேட்கவில்லை.

விஞ்ச் ஓட்டியவர் ஹசான். பதின்மூன்று வருஷமாக அவரும் நானும் ஜோடி. அப்படி ஒரு சைகை எங்களிடம் கிடையாது. அவர் உடனே நிறுத்திவிட்டார். மூட்டைகள் அந்தரத்தில் தொங்கின. கீழே நின்ற எட்டுப் பேரில் ஒருவனான கோவிந்தன் கெட்ட வார்த்தையில் கத்தினான். நான் தளத்தில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டேன்.

ஏணியில் முதலில் ஏறி வந்தவன் கோவிந்தன்தான். என் கையைப் பார்த்தான்.

“டேய், அண்ணனுக்கு வலிப்புடா. இரும்பு குடுங்கடா, இரும்பு.”

யாரோ கயிறு மாட்டும் வளையம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். என் விரல்களைப் பிரித்து அதைத் திணித்தான். தோல் கிழிந்தது. வலிப்பு வந்தவன் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்று நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவன் அன்பில் செய்தான். அதற்காக அவனை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அப்போது நினைவு தப்பவில்லை. யார் என் தலையைத் தாங்கினார்கள், யார் வெயிலை மறைத்து நின்றார்கள், எல்லாம் தெரிந்தது. கம்பெனி வேனில் போகும்போது படபடப்பு அடங்கியது, கையும் தானாக விரிந்தது. இரும்பு அப்போதும் கையில் இருந்ததால், இரும்புதான் விரித்தது என்று வேனில் இருந்த எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டபோது கோவிந்தன் வலிப்பு என்றான். சொன்னதை எழுதிக்கொண்டார்கள். என் நோய்க்கு அந்தப் பெயர் வந்த கதை இவ்வளவுதான்.

மூன்று நாள் கிள்ளான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இருதயத் துடிப்பைக் கோடாக வரையும் மெஷினை மாட்டினார்கள். இருதயத்தில் குறை இல்லை என்றார்கள். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்குப் பயம் கூடியது. இருதயமும் இல்லை என்றால் இது என்ன? நாள் முழுக்க விரல்களையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அடுத்த கட்டிலில் ஒரு சீன அங்கிள். கால் அறுவை செய்தவர். இரண்டாம் நாள் மத்தியானம் தோலோடு இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் போட்டு, தனக்கு உரித்துக் கொடு என்று சைகை காட்டினார். அவருக்குக் கை நன்றாகத்தான் இருந்தது. நான் உரித்தேன், அவர் தின்றார். அந்த ஒரு மணி நேரம் விரல்களைப் பற்றி நினைக்கவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.

சரோஜா தினமும் இரண்டு பஸ் மாறி ரசம் சோறு கொண்டு வந்தாள். எனக்கு ஊட்டி விடுவாள். கை நல்லாத்தானே இருக்கு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று திட்டினேன். “பேச்ச நிறுத்திட்டு வாயத் தொறங்க” என்றாள். திறந்தேன்.

ஹசான் வேலை உடுப்போடு வந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். தான் ஏதோ தப்பாக ஓட்டியதால்தான் எனக்கு இப்படி ஆனதோ என்று அவருக்குச் சந்தேகம். அதைவிடப் பெரிய பயம் எனக்கு இருந்தது. கை வேறு மாதிரி மடங்கி, தப்பான சைகை போயிருந்தால்? கீழே எட்டுப் பேர். அதைக் கேட்டேவிட்டேன். அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“உன் கையை இத்தனை வருஷமா பார்க்கிறேன் லா. உன் கை சரியில்லன்னா எனக்குத் தெரியும். புரியலன்னா நிறுத்துவேன். அதுக்குத்தானே நான் இருக்கேன்.”

எட்டுப் பேரையும் நான் ஒருவன்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று பதினான்கு வருஷமாக நினைத்திருந்தேன். அவரும் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் மூளைப் பரிசோதனை செய்ய வேண்டும், அதுவரை கப்பல் வேலை வேண்டாம் என்று கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். கம்பெனி என்னைக் கோடவுனில், அதாவது சரக்குக் கிடங்கில், காலிச் சாக்கு அடுக்கப் போட்டது. காத்திருந்தது ஐந்து வாரம். அந்த நாட்களில்தான் செயலாளரின் கடிதம் பலகையில் ஏறியது. அதைப் படித்த அன்றே கிள்ளான் பஸ் நிலையத்தில் எனக்குக் கை மடங்கியது. அதற்கப்புறம் கோயிலில் ஒரு தடவை, பாசார் சந்தையில் ஒரு தடவை. சரோஜா அலமாரிச் சாவிக்கொத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே என்னோடு வந்தாள். கை மடங்கினால் சாவி. கொஞ்ச நேரத்தில் விரியும். விரிய விரிய அவளுக்கு வலிப்புதான் என்று உறுதியானது.

பரிசோதனைக்கு முதல் நாளே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டோம். சரோஜாவின் தம்பி. தலையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எண்ணெய் வைக்காமல் நான் வெளியே போனதே இல்லை. சரோஜா என்னை ஸ்டூலில் உட்கார வைத்து மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். மச்சான் லீவு போட்டுக் கூடவே வந்தார். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் ஒரு கூட்டமே இருந்தது. “நம்பர நான் பாத்துக்கிறேன் மாமா, நீங்க கண்ண மூடுங்க” என்றார். மூன்று மணி நேரம் அந்த நம்பர் பலகையைவிட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. என் கவலையில் பாதியை அவர் வாங்கிக்கொண்டார்.

தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். மூளையில் ஓடும் மின்சாரத்தை அது கோடாக வரையும். வலிக்காது. ஷாக் அடிப்பார்களோ என்று பயந்து போனவர்களுக்குச் சொல்கிறேன், மெஷின் நமக்குள் எதையும் அனுப்பாது, நம்மிடம் இருப்பதைக் காதில் வாங்குவது போலத்தான். முடிவு சரியாக இருந்தது. அதை மட்டும் வைத்து வலிப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். ஒரு வாரம் கழித்து டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர். வயது ஐம்பது இருக்கும். பைலைப் படித்துவிட்டு மூடி வைத்தார். அன்றைக்கு நடந்ததை முதலில் இருந்து சொல்லச் சொன்னார். யார் இரும்பு வைத்தது என்பது வரை சொன்னேன். வலிப்பில் இரண்டு கையும் இழுத்துக்கொள்கிற ஆளுக்குப் பெரும்பாலும் இவ்வளவு ஞாபகம் இருக்காது என்றார். பிறகு கேட்டார்.

“என்ன வேலை செய்யிறீங்கள்?”

“கை காட்டுற வேலை, டாக்டர்.”

“எழும்பிச் செய்து காட்டுங்கோ, பாப்பம்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து நின்று காட்டினேன். விரலைச் சுற்றினேன், தூக்கு. உள்ளங்கையை அமுக்கினேன், இறக்கு. கையை மூடினேன், நில். அவர் கையைப் பார்க்கவே இல்லை. என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூச்சு எங்க?”

எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் செய்யச் சொன்னார். அப்போதுதான் நானே கவனித்தேன். தூக்கு என்று கை உயர்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். மூட்டை கீழே தொடும் வரைக்கும் பிடித்திருக்கிறேன். அப்புறம் அவசரமாக நாலைந்து மூச்சு இழுக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தூக்கு, எத்தனை வருஷம்.

உட்கார வைத்து, வாயைத் திறந்து வேகமாக, ஆழமாக மூச்சு விடச் சொன்னார். நாய் இளைப்பது போல விட்டேன். ஒரு நிமிஷம் போனது. உதட்டில் எறும்பு ஊர்ந்தது. நெஞ்சில் சாக்கு ஏறியது. விரல்கள் குவிந்தன. கப்பலில் வந்த அதே சாவு, டாக்டர் அறையில், நாற்காலியில்.

சரோஜா கைப்பையைத் திறந்துவிட்டாள்.

“சாவியை உள்ள வையுங்கோ அம்மா” என்றார் டாக்டர். “கையைத் தொடாதேங்கோ. நீங்களும் பாருங்கோ.”

மூச்சை மெதுவாக வெளியே விடச் சொல்லி அவரே எண்ணினார். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கையில் இரும்பு இல்லை. சரோஜா அழுதுவிட்டாள்.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நாம் வெளியே விடுவது எல்லாம் கெட்ட காற்று என்று நினைக்கிறோம். அதுவும் ஒரு அளவு உடம்பில் இருக்க வேண்டும். பயத்தில் வேகமாக மூச்சு விட்டால் அது அளவுக்கு மேல் வெளியே போய்விடும். ரத்தத்தின் தன்மை மாறும், உதடு மரத்துப் போகும், கைத் தசை இழுக்கும். அதைப் பார்த்து இன்னும் பயந்து இன்னும் வேகமாக மூச்சு விடுவோம். வளையம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் அடியில் இருப்பது தினமும் தின்கிற கவலை.

எனக்குக் கோபம் வந்தது. மூச்சு விடத் தெரியாததுக்கா இத்தனை பாடு? “அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லன்னு சொல்றீங்களா, டாக்டர்?”

“ஒண்டும் இல்லை எண்டு நான் சொல்லேல்லையே. இருக்கு. இதுவும் வருத்தம்தான். ஆனா வலிப்பில்லை. இதுக்கு வழி இருக்கு.”

அவர்கள் ஊரில் வருத்தம் என்றால் நோய். அந்த வார்த்தைக்காக அவர் காலில் விழுந்திருப்பேன். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தால் நான் இன்னும் பஸ் நிலையத்தில் கை மடங்கி நின்றிருப்பேன்.

கொஞ்ச வாரத்துக்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார், பிறகு குறைத்து நிறுத்தினார். ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் கருப்புக் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன், இரண்டாக்கச் சொன்னார். கதவைப் பூட்டினால் ‘பூட்டியாச்சு’ என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லிவிட்டுப் போக வேண்டும். திரும்பிப் பார்க்கும் ஆசை வரும், வரட்டும், பின்னால் ஓடக் கூடாது. தலைகளை எண்ணுவது வேலை, ஒரு தடவை எண்ண வேண்டும். மூன்றாவது தடவை எண்ணுவது வேலை இல்லை. கடைசியாக, கை இறங்கும்போது மூச்சும் இறங்க வேண்டும். இது எல்லாருக்கும் பொருந்துமா எனக்குத் தெரியாது. நெஞ்சு வலித்தால் நீங்களே முடிவு செய்யாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். எனக்கும் இருதயத்தைப் பார்த்த பிறகுதான் இதைச் சொன்னார்கள்.

இதைப் பழக வேண்டுமே. ஹசான் சாயந்திரங்களில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் திடலுக்கு வந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு குச்சியை விஞ்சின் பிடியாக நட்டுக்கொண்டார். மூட்டைக்கு யார் என்று கேள்வி வந்தது. சரோஜா ஒரு வாளியோடு வந்து நின்றாள். நான் தூக்கு என்றால் ஹசான் குச்சியை இழுப்பார், அவள் வாளியை உயர்த்துவாள். இறக்கு என்றால் மெதுவாகக் கீழே வைப்பாள். “சீக்கிரம் மூச்ச விடுங்க, மூட்டைக்குக் கை வலிக்குது” என்பாள். அக்கம்பக்கத்தில் மூன்று பேருக்கும் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் ஹசான் வந்தார். அதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

நாலு மாதம் கழித்து டாக்டர் கடிதம் கொடுத்தார். வலிப்பு இல்லை, பழைய வேலையைச் செய்யலாம். கம்பெனி அதிகாரி படித்துவிட்டு, சரி, ஆனால் புகார் கொடுத்தது உங்கள் சங்கம், அவர்கள் அதைத் திரும்பப் பெறட்டும் என்றார். செயலாளரிடம் மூன்று தடவை போனேன். கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. மூன்றாவது தடவை சொன்னார்.

“பதினாலு வருஷம் வெயில்ல நின்னது போதாதா அண்ணே? கோடவுன்ல நிழலா இருங்க.”

ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். அவர் எழுதியது போல.

என் வேலை மட்டும் என்றால் சாக்கு அடுக்கிக்கொண்டே சண்டை போட்டிருப்பேன். ஆனால் அந்தக் கடிதம் பலகையில் ஏறிய பிறகு கோடவுனுக்கு என்னைத் தேடி மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவராக, சாக்குக் குவியலுக்குப் பின்னால், குரலைத் தாழ்த்திக்கொண்டு. உதடு மரத்துப் போகிறது என்றார் ஒருவர். கேங் போய்விடுமோ என்று நினைத்து நினைத்து நெஞ்சு அடைக்கிறது என்றார் ஒருவர். மூன்றாமவர் வேறு கேங்கில் விஞ்ச் ஓட்டுகிறவர். அவருக்கும் விரல் இழுக்கிறது. டாக்டரைப் பாருங்கள் என்று மூவரிடமும் சொன்னேன். இரண்டு பேர் போனார்கள். விஞ்ச் ஓட்டுகிறவர் போகவில்லை. “போனா எழுதிருவாங்க அண்ணே. அப்புறம் என் பேரும் பலகைல ஏறும்” என்றார். போன வாரம் மறுபடி கெஞ்சினேன். தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் இயந்திரத்துக்குக் கீழேயும் எட்டுப் பேர்.

செயலாளர் அவர்களே, கிளையின் பொதுக்கூட்டம் வருகிறது. நான் முதல் வரிசையில் இருப்பேன். தனியாக அறைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், கடிதமும் வேண்டாம். மேடையில் நின்று, மைக்கில், அத்தனை கேங்கும் கேட்கும்படி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எனக்கு வலிப்பு என்று எழுதுவதற்கு முன்னால் எந்த டாக்டரைக் கேட்டீர்கள்? நாளைக்கு வேலையில் ஒருவனுக்குக் கை மடங்கினால், அவன் வந்து சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா? யோசித்துச் சொல்லுங்கள். அந்த விஞ்ச்மேனும் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.